இசை இல்லாத பேய்

மைனாவுக்கு முதலில் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது.

தம்பி சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் இசையமைத்த பேய் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திரைச்சீலையை இழுத்துவிட்டு அறையை இருட்டாக்கியிருந்தான். டிவியில் ஈரம் சொட்டும் ஆஸ்பத்திரி நடைபாதை, ஒற்றைக் கைவிளக்கின் வெளிச்சம். இந்த இடத்தில் யாரோ அடித்தொண்டையில் முனகுவது போல ஒரு ஓசை எழுந்து வர வேண்டும். பழைய இரும்புக் கட்டிலைச் சிமெண்டுத் தரையில் இழுத்து, அதைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, அதன் மேல் செல்லோ வாத்தியத்தின் நாதத்தை ஏற்றி அவள் உண்டாக்கிய ஓசை. கட்டிலை இழுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் கிடந்ததெல்லாம் தனிக்கதை. இப்போது அந்த நடைபாதையில் சளக் சளக்கென்று காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

"மியூசிக் எங்கடா?"

"ஆஃப் பண்ணியிருக்கேன்."

விளையாட்டு வெளிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு வருட உழைப்பு. அதைத் தம்பி ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஊரின் அந்தக் கோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வந்தவளுக்குக் கிடைத்த மரியாதை இது.

"ஆஃப் பண்ணியிருக்கேன்னா என்ன அர்த்தம்?"

"பேய் விளையாட்டு எல்லாத்தையும் நான் அப்படித்தான் ஆடுவேன்க்கா. மியூசிக் போட்டா பேய் வர்றதுக்கு முன்னாடியே வருது வருதுன்னு தண்டோரா போட்டுருது. அப்புறம் என்ன பயம்?"

"நீ சினிமாவுக்குப் போனா காதப் பொத்திக்கிட்டுத்தான் படம் பாப்பியா?"

"பேய் இருக்கிற வீட்ல யாரு உக்காந்து வயலின் வாசிக்கிறா சொல்லு."

"அது வயலின் இல்ல. செல்லோ."

"சரி, செல்லோ யாரு வாசிக்கிறா?"

வீட்டில் அவனுக்குச் சுண்டு என்று பெயர். ஆறடி வளர்ந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. வீட்டிலிருந்தபடியே, துணி துவைக்கும் இயந்திரம் பழுதானவர்களுக்குத் தொலைபேசியில் யோசனை சொல்லும் வேலை. நாள் முழுக்கக் கத்துகிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிப் பழகியவன். அந்தப் பொறுமையை அவளிடமும் காட்டியதுதான் மைனாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

இணையத்தில் முன்பின் தெரியாதவர்கள் இதையே எழுதியிருந்தார்கள். இசையோடு ஆடுவதா, இசையில்லாமல் ஆடுவதா என்று பக்கம் பக்கமாகச் சண்டை. இசையை அணைத்தால்தான் உண்மையான பயம் என்றவர்களே அதிகம். அவளும் ஒரு பொய்ப் பெயரில் நுழைந்து வாதாடித் தோற்றிருந்தாள். அதைக்கூட அவளால் விழுங்க முடிந்தது. சொந்தத் தம்பியும் அந்தக் கோஷ்டியில் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அவன் கையிலிருந்து கண்ட்ரோலரைப் பிடுங்கினாள். அமைப்புகளுக்குள் போய் இசையின் அளவைக் கடைசி வரை தள்ளினாள். டிவியோடு இணைத்திருந்த பெரிய ஸ்பீக்கரையும் போட்டாள்.

"அக்கா, அவ்வளவு வேண்டாம். அப்பா தூங்குறாரு."

"அப்பா தூங்கினா தலைமாட்டுல இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டாரு. அரை மணி நேரம், ஒழுங்கா கேட்டு ஆடு. அப்புறமும் பிடிக்கலைன்னா நான் வாயத் திறக்கல."

சுண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆடத் தொடங்கினான். அது என்ன ஆட்டம்? நான்கு அடி நடப்பான், நிறுத்துவான். கழுத்தைத் திருப்பி எங்கேயோ பார்ப்பான். மறுபடி நடப்பான். இசை மெல்லப் படியேறி, சரியாக உச்சிக்கு வரும் நேரம் பார்த்து மறுபடி நிறுத்துவான். சாப்பிடுகிறவன் வாய்க்கு ஒரு முறை எழுந்து கை கழுவிவிட்டு வருவது போல இருந்தது.

"ஏன்டா உயிர வாங்குற? நிறுத்தாம ஆடேன்."

"இரு, ஒரு நிமிஷம்."

"இன்னொரு தடவ நிறுத்தின, நான் கிளம்பிப் போயிட்டே இருப்பேன்."

அவன் பெருமூச்சு விட்டான். அதன் பிறகு நிறுத்தவில்லை. குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்தான். அங்கே அவள் தாளத்தை இதயத் துடிப்பை விடக் கொஞ்சம் பிந்திப் போட்டிருந்தாள். கேட்கிறவனுக்கு மூச்சு முட்ட வேண்டும் என்பதற்காக. மூச்சு முட்டியது. சுண்டு முன்னால் சாய்ந்தான். அலமாரிக் கதவு திறந்தது. அவன் துள்ளிய துள்ளலில் மடியிலிருந்த தலையணை ஓடிப்போய் மேசைக்கடியில் விழுந்தது. மைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அவளுக்கு மனம் குளிர்ந்தது.

"இப்ப சொல்லு. யாரு செல்லோ வாசிக்கிறா?"

அவன் இசையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு கணம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து அப்பாவின் அறைக்குப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"அப்பா இல்ல."

வாசல் கதவு சாத்தாமல் கிடந்தது. செருப்பு அலமாரியில் அப்பாவின் கறுப்பு ஷூக்களைக் காணோம்.

அவன் ஒவ்வொரு மாடியாகத் தேடிக்கொண்டே படிக்கட்டில் ஓடினான், அவள் லிஃப்டில் இறங்கினாள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து மூடியது. தெருமுனையில் லாரிகள் போகும் பெரிய சாலை இருப்பது நினைவுக்கு வந்ததும் கீழ்த்தளப் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினாள். லிஃப்ட் கண்ணாடியில் தன் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை.

அப்பா அவ்வளவு தூரம் போயிருக்கவில்லை. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில், ஒரு பார்சல் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையை உள்ளே விட்டு, ஷூவின் நாடாவை இறுக்கிக் கட்டியிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் நகரப் பேருந்து ஓட்டியவர். பார்சல்காரர் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, கதவருகே தயங்கி நின்றார்.

"உங்க அப்பாங்களா? இறங்க மாட்டேங்கிறாரு. பிரேக்க மாத்தாம வண்டிய எடுக்கக் கூடாதுன்னு என்னையத் திட்டுறாரு."

மைனா மூச்சு வாங்கக் கதவைப் பிடித்தாள். "அப்பா."

அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். "ஏறுங்கம்மா. பின்னாடி இடம் இருக்கு."

அதற்குள் சுண்டு வந்துவிட்டான். வியர்த்து ஊற்றியது. ஆனால் குரலில் பதற்றமே இல்லை.

"டிப்போல இருந்து சொல்லி அனுப்பினாங்க. அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்துட்டாராம். நீங்க இறங்கலாம்."

"அப்படியா? முன்னாடியே சொல்ல வேண்டாமா?" என்று அலுத்துக்கொண்டே அப்பா இறங்கினார். சுண்டு பார்சல்காரரிடம் மன்னிப்புக் கேட்டான்.

"பரவால்லங்க. பிரேக் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யுது" என்றார் அவர்.

மேலே வந்து அப்பாவைப் படுக்க வைத்த பிறகுதான் சண்டை தொடங்கியது. அப்பாவுக்குக் கேட்கக் கூடாதென்று இருவரும் சமையலறையில் நின்று, குரலை அடக்கிக்கொண்டு போட்ட சண்டை.

"எவ்வளவு நாளாடா இப்படி?"

"மழைக்காலத்துக்கு முன்னாடியிருந்து."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. வயசானா மறதி வரத்தான் செய்யும்னு சொன்ன."

சொல்லியிருந்தாள். ஒரு காதில் செல்லோவும் இன்னொரு காதில் போனில் தம்பியுமாக இருந்தபோது சொன்னது. அது ஞாபகம் வந்ததில் அவளுக்கு அவன் மேல்தான் கோபம் கூடியது.

"வாசக் கதவு தாழ்ப்பாள எடுத்தா டக்குனு ஒரு சத்தம்" என்றான் சுண்டு. "காஸ் அடுப்பத் திருகினா டிக்டிக்னு வரும். குழாயத் தொறந்து விட்டுட்டார்னா அதுக்கு ஒரு சத்தம். ஆபீஸ் வேலையவே நான் ஒரு காதாலதான் பாக்குறேன். விளையாட்டுல வர்ற காலடி, கதவு, தண்ணி சத்தத்தையெல்லாம் குறைச்சு வச்சு ஆடிடலாம். நடுவுல அப்பாவையும் கேக்கலாம். மியூசிக் போட்டா ஒண்ணும் கேக்காது."

"இத முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? தண்டோரா, அது இதுன்னு கதை அளந்தியே?"

"அதுவும் உண்மைதான்."

அவனை அறையலாம் போலிருந்தது. அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள்.

"சொன்னா நீ அப்பாவப் பத்தியே பேச ஆரம்பிப்ப. டாக்டர், மாத்திரை, ஆள் வைக்கலாமான்னு. எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் வேற எதையாவது பாத்து பயப்படணும்க்கா. அவ்வளவுதான்."

மைனா தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"வாரத்துல ரெண்டு நாள் நான் இங்க வந்து வேல பாக்குறேன்."

"உனக்குச் சத்தமில்லாத இடம் வேணுமே."

"அது என் பாடு. இப்ப போய் ஹெட்போன எடு. ரெண்டு காதுலயும் மாட்டு. நான் அப்பா ரூம்ல உக்காந்துக்கிறேன்."

அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு போனான். அவள் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி முக்கி முனகி நின்றது. மேல் வீட்டில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பி இதையே மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதை அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகுதான் அவளால் நம்ப முடிந்தது.

கூடத்தில் கண்ட்ரோலர் பொத்தான்களைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. மைனா எழுந்து எட்டிப் பார்த்தாள்.

சுண்டு சோபாவில் நீட்டிப் படுத்து, இரண்டு காதிலும் ஹெட்போனோடு, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். திரையில் பேய் அவனைப் பிடித்துத் தின்று முடித்திருந்தது. அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக்குக்கூட அவன் போய்ச் சேரவில்லை. அவள் வாங்கிய பாராட்டெல்லாம் மூன்றாவது மாடியின் இசைக்கு. பேய் விளையாட்டுக்கு நடுவே தூங்குகிற ஒருவனை அவள் இதுவரை பார்த்ததில்லை. அதுவும் அவள் இசையை முழுச் சத்தத்தில் கேட்டுக்கொண்டே.

எழுப்பித் திட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். கட்டில் கிறீச்சிட்டது. அப்பா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்.

"டீ வேணுமாப்பா? இருங்க, நான் போடுறேன்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே அவர் பின்னால் போனாள்.