மீன் விடாத தொட்டி

தேங்கிய தண்ணீரைக் கண்டால் கொட்ட வேண்டும். கொட்ட முடியாவிட்டால் மீன் விட வேண்டும். கொசு ஒழிப்பு வேலையில் முத்திருளனுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இவ்வளவுதான். ஆட்டுக்கல் குழி, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுவான். கிணறு என்றால் தூக்குவாளியைத் திறந்து, கொசுப்புழுவைத் தின்கிற கொசுமீன்களை உள்ளே விடுவான். மூன்றாவதாக ஒரு தண்ணீர் உலகத்தில் இருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த மூன்றாவது தண்ணீர், மகாலுக்குத் தெற்கே ஒரு சந்தில், சாரதாம்பாள் வீட்டு முன்னறையில், கண்ணாடித் தொட்டி நிறைய நின்றிருந்தது.

தொட்டியைக் குறை சொல்ல முடியாது. அடியில் அலசிப் போட்ட ஆற்று மணல், மணலில் ஊன்றிய பச்சைச் செடிகள், ஜன்னல் வழியே காலை வெயில். மீன் மட்டும்தான் இல்லை.

"மீனு எங்கம்மா?" என்று முதல் தடவை பார்த்தபோதே கேட்டான்.

"இன்னும் விடலப்பா. தண்ணி ஆகணும்."

"தண்ணி என்னம்மா ஆகணும்?"

"உசுராகணும்னு மீன் கடைக்காரர் சொல்லியிருக்காரு. புதுத் தண்ணில விட்டா மீன் போட்ட அழுக்கே மீனைக் கொன்னுடுமாம். அந்த அழுக்கைத் திங்கிறதுக்குக் கண்ணுக்குத் தெரியாத பூச்சி மணல்ல உண்டாகணுமாம். அது உண்டாகுற வரைக்கும் தினமும் தீனி மட்டும் போடச் சொன்னாரு."

சொல்லிக்கொண்டே ஒரு சிட்டிகைத் தீனியை எடுத்து, யாருமில்லாத தண்ணீரில் தூவினாள். முத்திருளன் அந்தத் தூள் மெல்ல நனைந்து மணலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீரில் பூச்சி உண்டாகாமல் பார்க்கத்தான் அவனுக்குக் கூலி. இந்த அம்மா பூச்சி உண்டாகட்டும் என்று தீனி போடுகிறாள். இரண்டு பேரில் ஒருவருக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும், அது யார் என்று யோசித்தபடியே சைக்கிளை மிதித்துத் தன் ஊர் கீழக்குயில்குடிக்குப் போய்ச் சேர்ந்தான். வீட்டில் மனைவி அன்னக்கொடியிடம் சொன்னான். "படிச்சவுக வீட்டுல அப்படித்தான் இருக்கும், நீ வாயக் குடுக்காத" என்று அவள் சோற்றை வைத்தாள்.

தொட்டி சாரதாம்பாளுக்காக வந்ததல்ல. அவளுடைய கணவர் ராமமூர்த்தி ரயிலில் கார்டாக இருந்தவர். பக்கவாதம் வந்து கட்டிலில் விழுந்ததிலிருந்து தலையை ஒரு பக்கம்தான் திருப்ப முடியும். அந்தப் பக்கம் வெறும் சுவர். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்க்கச் சகிக்காமல், நாலு மீனாவது அங்கே ஓடட்டும் என்று அவள் வாங்கிவைத்தாள். அவர் கண் எதிரே ஒரு மீன் செத்து மிதந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் இவ்வளவு பொறுமை.

அவருக்குப் பேச்சும் பாதிதான். வீட்டுக்குள் பேசும் சௌராஷ்டிரமானாலும் சரி, வந்தவர்களிடம் பேசும் தமிழானாலும் சரி, ஒரு சொல்லில் பாதி வரும்; மீதி தொண்டையில் நின்றுவிடும். 'தண்' என்றால் அவள் "தண்ணியா?" என்று செம்பை நீட்டுவாள். 'ஜன்' என்றால் ஜன்னலைத் திறப்பாள். அவர் ஆரம்பிப்பதும் அவள் முடிப்பதுமாக அந்த வீட்டில் பேச்சு நடந்தது. சலிப்பில்லாமல் செய்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முத்திருளன் கவலை வேறு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் தினக்கூலி. அன்னக்கொடி சொந்தக்காரர்களிடம் கவர்ன்மெண்டு உத்தியோகம் என்று சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பொய்யை மெய்யாக்க இந்த வருடம்தான் வழி பிறந்திருந்தது. புதிதாக வந்த அதிகாரி ஒவ்வொருவர் வட்டாரத்தையும் நேரில் பார்த்து, யாரை நிரந்தரமாக்கலாம் என்று மேலே எழுதப்போகிறார். ஒரு வீட்டில் கொசுப்புழு நெளிந்தாலும் அந்த ஆளின் பேர் போய்விடும்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்தத் தொட்டியில் புழு நெளிந்தது. குனிந்து பார்த்தான், செடிக்கு மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கூத்தாடின.

"கொட்டணும்மா."

"கொட்டுனா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்ப்பா."

"துணியக் கட்டி மூடிருவோமா?"

"வெளிச்சம் இல்லாம செடி அழுகிடும். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ தம்பி."

புழுக்களை வடிகட்டியால் தன்னால் ஆனமட்டும் வாரி எடுத்தான். எடுத்தது போக எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை. கொட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் திரும்பிப் போனான்.

அதிகாரி வருகிற காலை வந்தது. முத்திருளன் விடிந்ததுமே ஓடினான். கதவு சும்மா சாத்தியிருந்தது; சாரதாம்பாள் மண்ணெண்ணெய் வரிசைக்குப் போயிருந்தாள். கட்டிலில் ராமமூர்த்தி மட்டும் விழித்திருந்தார். தொட்டியில் மறுபடியும் புழு. கையில் இருந்த தூக்குவாளியில் கொசுமீன்கள் துள்ளின. எல்லாக் கிணற்றிலும் பிழைக்கிற மீன் இந்தச் சுத்தமான தண்ணீரிலா பிழைக்காது என்று அவனுக்குப் பட்டது. இருந்தாலும் வீட்டுக்காரரைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை.

"அய்யா, மீன விடட்டுங்களா?"

ராமமூர்த்தி வாயைக் கோணிக்கொண்டு முயன்றார். ஒரு விரல் மேலே எழுந்தது.

"விட…"

அதற்கு மேல் வரவில்லை. முத்திருளனுக்கு அது போதுமானதாக இருந்தது. "விடத்தானே சொல்றீக, சரிங்கய்யா" என்று வாளியைக் கவிழ்த்தான். விரல் இன்னும் ஆடியது. நன்றி சொல்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தான்.

அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தார். புழு இருந்த இடம் தெரியவில்லை. மீன்கள் வயிறு உப்பிச் சுற்றிக்கொண்டிருந்தன. "பரவாயில்லையே, வீட்டுத் தொட்டிக்குக்கூட நம்ம மீனா" என்று முத்திருளன் தோளில் தட்டினார். இன்னொரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பேரை அனுப்புவதாகச் சொன்னார். அன்று அன்னக்கொடிக்கு அல்வா வாங்கிப் போனான்.

அடுத்த முறை போனபோது தொட்டியில் ஒரு மீனும் இல்லை.

"ஒண்ணொண்ணா மேல வந்து வாயத் தொறந்து தொறந்து செத்துச்சு," என்றாள் சாரதாம்பாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனைச் சுட்டது. "எல்லாத்தையும் அவர் பாத்துக்கிட்டே கெடந்தாரு. முகத்தத் திருப்பிக்கவும் முடியல."

"அய்யாகிட்டக் கேட்டுட்டுத்தாம்மா விட்டேன். விடச் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"விட…ன்னாரு."

அவள் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "விடாதேன்னு சொல்ல வந்திருக்காருப்பா. பாதிக்கு மேல அவருக்கு வராதே. மீதிய நான்தான் சொல்வேன். அன்னைக்கு நான் இல்ல."

விடு என்பதும் விடாதே என்பதும் ஒரே மாதிரித்தானே ஆரம்பிக்கிறது. வேண்டாம் என்பதைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கிற பாஷையில் பாதி மட்டும் பேசுகிறவர் என்ன செய்வார், கேட்கிறவன்தான் என்ன செய்வான். கேட்டது தப்பா, கேட்ட பிறகு நிற்காமல் கவிழ்த்தது தப்பா என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த விரல் நன்றி சொல்லவில்லை என்பது மட்டும் விளங்கியது. அந்தக் கும்பிடு ஞாபகம் வந்து கூசிப்போனான்.

"அதே மீனு கெணத்துல நல்லா இருக்கேம்மா," என்றான்.

"கெணறு எந்தக் காலத்துலயோ உசுரானது. இது இப்பத்தான் ஆயிட்டு வருது. கடைக்காரர் வந்து மோந்து பாத்துட்டு, நாத்தம் போயிடுச்சு, இன்னும் கொஞ்சம்தான்னாரு."

அவள் சொன்னது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அன்று மதியம் அதிகாரி இரண்டாவது சுற்று வருகிறார். தொட்டியில் மீன் இல்லை, தண்ணீர் இருக்கிறது, செடி ஓரத்தில் மறுபடியும் ஏதோ நெளிகிறது. இந்தத் தடவை பேர் போனால் அடுத்த அதிகாரி வரும்வரை தினக்கூலிதான். அதற்குள் வயது தாண்டிவிடும்.

அவன் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஒம் பொழப்பையும் பாக்கணுமில்ல. கொட்டறதுன்னா கொட்டிடு. ஆனா அவரக் கேட்டுட்டுச் செய்."

முத்திருளன் வெறும் வாளியோடு கட்டில் பக்கம் போனான். இந்த முறை குனிந்து, அவர் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தை வைத்தான்.

"அய்யா, தண்ணியக் கொட்டிரட்டுமா?"

அவர் உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"கொட்…"

நின்றது. பழக்கத்தில் சாரதாம்பாள் வாயைத் திறந்தாள். முத்திருளன் திரும்பாமலே கையைக் காட்டித் தடுத்தான்.

"நீங்க சொல்லாதீகம்மா. அவுகளே சொல்லட்டும்."

"அவரால முடியாதுப்பா."

"இருக்கட்டும்மா. நான் நிக்கிறேன்."

நின்றான். கொட்டு என்று முடியக் கூடாதா என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. அதை மறைத்துச் சொல்வதில் லாபமில்லை. அப்படி முடிந்தால் ஒரே நிமிடத்தில் வாளியை முக்கி எடுத்துவிட்டு அதிகாரியை நிமிர்ந்து பார்க்கலாம். ஆனாலும் அவன் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான். சந்தில் ஈயம் பூசுகிறவன் கூவிக்கொண்டே போய், குரல் தேய்ந்து மறைந்தது. ராமமூர்த்தியின் நெற்றியில் வேர்த்தது. சாரதாம்பாள் முந்தானையால் துடைக்கப் போய், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கொட்…டா…"

மறுபடி நின்றது. முத்திருளனும் நின்றான்.

"…த."

சாரதாம்பாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் விழுந்ததிலிருந்து ஒரு முழுச் சொல்லை அவள் கேட்டதில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவர் களைத்துப்போய், ஆனால் கண் மூடாமல், முத்திருளனையே பார்த்தார்.

இவருக்குச் சொல் வந்த சந்தோஷம் எது, தனக்கு வேலை போன துக்கம் எது என்று முத்திருளனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வாளியை ஓரமாகக் கவிழ்த்து வைத்தான்.

"அதிகாரி கேட்டா என்னப்பா சொல்லுவே?" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவன் கட்டிலைப் பார்த்து, "அய்யா, அவரு வந்து கேட்டாலும் நீங்க இதையே சொல்லிருங்க. எம்புட்டு நேரமானாலும் சரி, அவரப் போகவிடாம நான் வாசல்ல நிக்கிறேன்" என்று சொல்லி, வெளியே போய் நின்றான்.