நாற்பது நாள் கண்ணாமூச்சி

எங்கள் நில அளவை அலுவலகத்தில் தினமும் பதினொரு மணிக்குக் கண்ணாமூச்சி. அரை மணி நேரம். அகப்படாதவர்கள், அகப்படும் வரை ஒளிந்த இடத்திலேயே இருந்து வேலை பார்க்க வேண்டும் என்பது விதி.

கணவர் இறந்த மூன்றாம் மாதம் அவருடைய வேலை எனக்குக் கிடைத்தது. சேர்ந்த அன்று கண்காணிப்பாளர் பாக்கியநாதன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒளியத் தெரியுமாம்மா?"

"சின்ன வயசுல ஒளிஞ்சிருக்கேன் சார்."

"அது போதும்."

அவர் சுவரில் முகம் புதைத்து எண்ணத் தொடங்கினார். நான் பதிவறைக்குப் போய், கடைசி பீரோவின் அடித்தட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த பீரோவுக்குள் நாற்பது நாள் இருந்தேன். அலுவலக உதவியாளர் செண்பகம் காலையில் கோப்புகளைக் கதவிடுக்கில் தள்ளுவாள். குறிப்பு எழுதி வெளியே தள்ளுவேன். மூன்று மணிக்கு டீ வரும். ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் எழுந்து பஸ் பிடித்து வீட்டுக்குப் போவேன். மறுநாள் காலை நான் உள்ளே போய் உட்காரும் வரை மறுபடியும் மூடிக்கொள்வார்கள். சில நாள் பீரோவுக்குள் அழுதேன். அப்போது வெளியே யாராவது தட்டச்சுப் பொறியைப் பலமாகத் தட்டுவார்கள்.

நாற்பதாம் நாள் பாக்கியநாதன் பதிவறைக்குத் தேட வந்தார். மேசையிலிருந்த கோந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"அமுதவல்லி இதுக்கடியில இருக்குமோ?"

"அங்க நேத்தே பாத்தாச்சு சார்" என்றாள் செண்பகம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கதவைத் திறந்து என் தலையைத் தொட்டார்.

"நான் இங்க இருக்கேன்னு எப்ப சார் தெரியும்?"

"முதல் நாளே. செருப்பை வெளியிலயே விட்டுட்டியேம்மா."

வருகைப் பதிவேட்டில் அந்த நாற்பது நாளுக்கும் 'ஒளிவு' என்று எழுதி அவரே கையெழுத்திட்டிருந்தார். அவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். "போய் எண்ணு, இப்ப உன் முறை" என்றார்.

வாசலுக்கு வெளியே நின்று கண்ணை மூடி நூறு வரை எண்ணினேன். ஒரு எண்ணைக்கூட விடவில்லை. அவர்களுக்கு நான் செய்யக்கூடியது அதுதான். கண்ணைத் திறந்தபோது கட்டடம் இல்லை. சமமான மண்தரையும் கொஞ்சம் நெருஞ்சியும் இருந்தன.

மனுவோடு ஒரு பெரியவர் வந்தார்.

"ஆபீஸ் எங்கம்மா?"

"ஒளிஞ்சிருக்குங்கய்யா. மனுவைக் குடுங்க."

வாங்கிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் தேடப் போனேன்.