வலக்கால் கியர்

பெடியன் மோட்டார் சைக்கிளோடு பூசணிக்காய்க் குவியலுக்குள் போய் விழுந்தபோது மருதனார்மடம் சந்தையில் வியாபாரம் சூடு பிடித்திருந்தது. பஞ்சலிங்கம் தன் கடைக்குள் ஒரு தோட்டக்காரரின் தண்ணீர் இறைக்கிற மிசினைப் பிரித்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். விழுந்த சத்தத்துக்கு முன்னமே அவனுக்கு விளங்கிவிட்டது. வேகம் குறைய வேண்டிய இடத்தில் கியர் கூடி வண்டி முன்னுக்கு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு தகரம் தாரில் உரசும் சத்தம். பிறகு ஒரு பொம்பிளையின் குரல். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இடக்காலை இழுத்து இழுத்து வெளியே வந்தான்.

பெடியனுக்கு முழங்கையில் தோல் போயிருந்தது. வேறு சேதமில்லை. உடைந்த பூசணிக்காய்களுக்கு நடுவில் நின்று வண்டியையும் தன் வலக்காலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பிரேக்கை மிதிச்சனான் அண்ணை. நிக்காமல் பாய்ஞ்சிட்டுது."

"நீர் மிதிச்சது கியரை. பிரேக்கு மற்றப் பக்கம். நான் சொன்னனான்தானே?"

காலையிலேயே சொல்லியிருந்தான். இரண்டு பேர் கடைக்கு வந்து, ஒரு அலுவல் இருக்கு, உங்கடை வண்டியை ஒருக்காத் தாங்கோ என்று கேட்டபோது, தம்பியவை, உந்த வண்டியை உங்களாலை ஓட ஏலாது என்றுதான் சொன்னான். தருவதற்கு மனமில்லாமல் சாட்டுச் சொல்கிறான் என்று நினைத்து அவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த எண்பத்தாறாம் ஆண்டில் ஆயுத இயக்கப் பெடியள் வந்து வண்டி கேட்பதும், ஆட்கள் ஒவ்வொரு சாட்டுச் சொல்வதும், பிறகு சாவியைக் கொடுப்பதும் ஊரில் வழக்கமாயிருந்தன. போன வண்டிகளில் சில திரும்பி வந்தன. சில வேறு நிறத்தில் வேறு ஊரில் ஓடின.

பஞ்சலிங்கம் குவைத்தில் ஒரு கராச்சில் வேலை செய்தவன். அங்கே ஒருநாள் தூக்கியிருந்த எஞ்சின் சங்கிலி அறுந்து அவன் முழங்காலுக்கு மேல் விழுந்தது. எலும்பு பொருந்தியது. நரம்பு பொருந்தவில்லை. இடது பாதத்தைக் கீழே ஊன்ற முடியும், மேலே தூக்க முடியாது. ஊருக்கு வந்த பிறகு நட்ட ஈட்டுக் காசில் கொழும்பிலிருந்து ஒரு பழைய ஹொண்டா நானூறை லொறியில் ஏற்றி இறக்கினான். சொந்தக்காரர் எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். கியர் மாற்ற இடது பாதத்தால் தூக்க வேண்டும், அந்தப் பாதம்தான் அவனுக்கு இல்லை. எஞ்சினுக்கு அடியால் ஒரு கம்பியைக் குறுக்கே கொண்டுபோய், இரண்டு மூட்டு வைத்து, கியரை வலது பக்கம் மாற்றினான். பிரேக்கை இடது பக்கம் கொண்டுவந்தான். மிதிக்கத்தானே வேண்டும், மிதிக்க அந்தக் கால் போதும். கம்பி குறுக்கே போனதில் கியரும் தலைகீழாயிற்று. மிதித்தால் கூடும், தூக்கினால் குறையும்.

அத்தோடு நின்றிருந்தால் ஊர் ஏதோ நொண்டிக் காலுக்குச் செய்துகொண்டான் என்று விட்டிருக்கும். அவன் நிற்கவில்லை. ஹாண்டிலை வெட்டித் தாழ்த்தினான். இரண்டு புகைக்குழாயை ஒன்றாக்கி, சைலென்சரின் குடலை உருவி எறிந்தான். முன்னுக்கு அலுமினியத் தகட்டை அடித்து வளைத்து, சுறாவின் மூக்குப் போல ஒரு கவசம் பூட்டினான். காபுரேட்டரின் துளைகளைப் பெருப்பித்தான். டாங்கியைக் கறுப்பாக்கினான். உடுவில் பக்கம் அவன் ஸ்ராட் பண்ணினால் சந்தியில் ரீக்கடைக்காரன் ஒரு கிளாசை எடுத்து வைப்பான், அவன் வந்து சேரத் தண்ணீர் கொதிக்கச் சரியாக இருக்கும் என்று.

அதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. புகையிலை யாவாரி இளையதம்பியர் சந்தியில் நின்று, "உவன் பெற்றோலைக் குடிக்கக் குடுத்து ஒரு யானை வளர்க்கிறான். யானையெண்டாலும் கோயிலுக்கு உதவும்" என்பார். ஆஞ்சநேயர் கோயிலுக்கு வருகிற கிழவிகள் காதைப் பொத்துவார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரன் கொண்டுவந்த வண்டிகளிலும் கியர் வலப்பக்கம்தான், இவன் ஒன்றும் புதிதாகப் பிடுங்கவில்லை என்று ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர் சொன்னார். பள்ளிக்கூடப் பெடியள் மட்டும் வண்டி நிற்கும்போது சுற்றி வந்து, மீற்றரில் எழுதியிருக்கிற கடைசி இலக்கத்தைப் பார்த்துவிட்டு மரியாதையோடு போவார்கள். அந்த இலக்கத்துக்கு ஓடுவதற்கு யாழ்ப்பாணத்தில் றோட்டு இல்லை, அதற்குள் கடல் வந்துவிடும் என்பது இளையதம்பியரின் கணக்கு.

பஞ்சலிங்கத்தின் மனைவி இராசமலர் தன் அபிப்பிராயத்தை ஒருவருக்கும் சொன்னதில்லை. மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறாள். சம்பந்தம் பேசி வந்தபோது மாப்பிள்ளைக்குக் காலில் ஒரு குறை என்று தரகர் பூசி மெழுகினார். அவன் வீட்டுக்கு வந்த அன்று அவள் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். கறுத்த வண்டி ஒழுங்கைக்குள் ஒரு பக்கம் சரிந்து திரும்பி, நேராகி, படலையில் நின்றது. குறை எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் இறங்கி நடந்தபோதுதான் தெரிந்தது. இரண்டையும் பார்த்துத்தான் அவள் ஓம் என்றாள். பின் சீற்றைக் கழற்றினால் பஸ்ஸிலேயே போவேன் என்று சொல்லிவிட்டதால் அந்தச் சீற் மட்டும் தப்பியது. காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கும்போது மற்ற ரீச்சர்மார் சிரிப்பார்கள். அவள் கலைந்த தலைமயிரைச் சரிசெய்துகொண்டு உள்ளே போவாள். சத்தம் அவளுக்குப் பிடிக்காது. அந்தச் சத்தத்தோடு அவன் வீட்டுக்கு வருவது பிடிக்கும்.

பூசணிக்காய்களுக்குக் கணக்குத் தீர்த்த பிறகு, வந்த இரண்டு பேரில் மற்றவன் கடைக்குள் வந்தான். செபநாயகம் என்று பெயர். இராசமலரிடம் படித்தவன். படிப்பை விட்டு இரண்டு வருசம்.

"இது விசர் வண்டி அண்ணை. ஆனா எங்களிட்டை இருக்கிற ஒண்டும் உதுக்குக் கிட்ட நிக்காது. கொடிகாமத்துக்குக் கெதியாப் போயிட்டு வர வேணும்." கொஞ்சம் நிறுத்தினான். "அப்ப நீங்களே ஓடுங்கோவன். உங்களைத் தவிர ஆராலை ஏலும்?"

பஞ்சலிங்கம் பிரித்த மிசினைப் பார்த்தான். மத்தியானம் தருவதாகத் தோட்டக்காரருக்குச் சொல்லியிருந்தான். மிசினின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு எழும்பினான்.

செபநாயகம் பின்னால் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். பையில் என்ன என்று பஞ்சலிங்கம் கேட்கவில்லை. கோப்பாய் தாண்டியதும் இரண்டு பக்கமும் வெளி. காற்று கவசத்தில் பிளந்து தோளுக்கு மேலால் போனது. கைதடிக்கு அப்பால் ஆமி ஹெலி ஒன்று தாழ வந்தபோது செபநாயகம் முதுகில் தட்டினான். தட்டுவதற்கு முன்னமே வண்டி ஒரு பனங்கூடலுக்குள் நின்றது. ஹெலி சுற்றிப் போகும்வரை இருவரும் மரத்தோடு மரமாக நின்றார்கள். "நல்ல கை அண்ணை உங்களுக்கு" என்றான் செபநாயகம். கால் என்று சொல்லவில்லை. கொடிகாமத்தில் சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டில் பையைக் கொடுத்தார்கள், இன்னொரு பையை வாங்கினார்கள். அங்கே நின்றவர்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒருவன் ஏறி இருந்து, கால்களை வைக்க வழி தெரியாமல் இறங்கினான். பஞ்சலிங்கம் ஒரு காலை இழுத்துக்கொண்டு போய் ஏறிக் கிளப்பியபோது எல்லாரும் விலகி வழி விட்டார்கள்.

பொழுதுபட முன்னம் வீட்டுக்கு வந்துவிட்டான். கிணற்றடியில் குளித்தான். குளிக்கும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தான். இராசமலர் சோறு போட்டாள். கத்தரிக்காய்ப் பால்கறிக்கு இரண்டாந்தரமும் சோறு கேட்டான். ஹெலியைப் பற்றிச் சொன்னான், அங்கே நின்றவர்கள் வழி விட்டதைச் சொன்னான், நாளை மறுநாள் இன்னொருதரம் வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னான். சொல்லும்போது அவன் கை சோற்றில் கிடக்கவில்லை, காற்றில் ஹாண்டில் பிடித்தது. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அவன் ஒரே நேரத்தில் இத்தனை கதைத்ததை அவள் கண்டதில்லை.

"இண்டைக்கு நல்ல சந்தோசமா வந்தியள்" என்றாள்.

"ஓம். ஏன்?"

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

அவன் கை நின்றது. "ஒருக்கா ரெண்டுதரம் ஓடிக் குடுக்கிறதிலை என்ன? வேறை ஆராலையும் ஏலாதெண்டு அவங்கள் சொல்லுறாங்கள். உமக்கு உது விளங்காது, இராசமலர்."

"விளங்குது. விளங்கினபடியாத்தான் சொல்லுறன். செபநாயகம் என்ரை வகுப்பிலை முன் வாங்கிலை இருந்தவன். அவனுக்கும் ஆரோ இப்பிடித்தான் சொல்லியிருப்பினம், உன்னாலைதான் ஏலும் எண்டு." அவள் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கதைத்தாள். "குடுக்காமல் இருக்க ஏலாது. எனக்குத் தெரியும். வண்டியைக் குடுங்கோ. உங்களைக் குடுக்காதேங்கோ. ஆரும் ஓடக்கூடிய மாதிரிப் பழையபடி மாத்திக் குடுங்கோ."

"மாத்தினால் நான் ஓட ஏலாது."

"ஓம்" என்றாள்.

அவன் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாள் விடியவே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கடையில் தோட்டக்காரரின் மிசினைப் பூட்டிக் கொடுத்தான். இளையதம்பியர் வந்து கதிரையை இழுத்துப் போட்டு, "என்ன பஞ்சலிங்கம், யானைக்கு வேலை கிடைச்சிட்டுதாம்" என்றார். சந்திக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் வழக்கமான நையாண்டி இல்லை, ஒரு புது மரியாதை இருந்தது. அதைக் கண்டபோது பஞ்சலிங்கத்துக்கு முதலில் இனித்தது. பிறகு, கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோனான். ஏன் அப்படிச் செய்தான் என்று பிறகு எப்போது யோசித்தாலும் அவனுக்கு ஒழுங்கான ஒரு காரணம் அகப்பட்டதில்லை.

இராசமலர் பள்ளிக்கூடத்தால் பஸ்ஸில் வந்து இறங்கிப் படலையைத் திறந்தபோது அவன் முற்றத்தில் சாக்கு விரித்து வண்டிக்குக் கீழே படுத்திருந்தான். குறுக்குக் கம்பி வெளியே கிடந்தது. அவள் புத்தகங்களை விறாந்தையில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினாள். அவன் ஒவ்வொரு நட்டாகக் கழற்றி நீட்டினான். அவள் சேலை மடியில் வாங்கிக்கொண்டாள். கிறீஸ் பட்டால் போகாது என்று அவனும் சொல்லவில்லை, அவளும் எழும்பவில்லை. பழைய கியர் மிதியை இடது பக்கம் வைத்து இறுக்கும்போது அவன் ஒருதரம் நிறுத்தினான். இரும்பு எதுவோ ஒத்துவராமல் நிற்கிறது என்று அவள் நினைத்தாள். அவன் முகத்தைச் சாய்த்துத் தோளில் துடைத்தான். பிறகு இறுக்கினான். எல்லாம் முடிந்ததும் ஏறி இருந்து பார்த்தான். இடது பாதத்தை மிதிக்குக் கீழே வைத்துத் தூக்கப் பார்த்தான். தொடை எழும்பியது, முழங்கால் எழும்பியது, பாதம் தொங்கியது. இறங்கி, ஸ்ராண்டைப் போட்டான்.

மறுநாள் செபநாயகம் தனியாக வந்தான். இராசமலரைக் கண்டதும், "ரீச்சர்" என்று எழும்பி நிற்பவன் போல நிமிர்ந்தான். பஞ்சலிங்கம் சாவியை நீட்டினான்.

"எல்லா வண்டியும் மாதிரித்தான் இப்ப. ஆரும் ஓடலாம்."

பெடியன் குனிந்து பார்த்தான். விளங்க அவனுக்கு நேரம் எடுக்கவில்லை. "நீங்கள் வருவியள் எண்டு பொறுப்பாளரிட்டைச் சொல்லிப்போட்டன் அண்ணை."

"இனி நான் வந்து என்ன செய்ய? பின்னுக்கு இருக்கவோ?"

செபநாயகம் இராசமலரைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. "சாப்பிட்டனியோ, தம்பி?" என்று கேட்டாள். இல்லை ரீச்சர், நேரமில்லை என்றான். வண்டியில் ஏறினான். முதல் உதையிலேயே பிடித்தது. ஒழுங்கை முடியும்வரை ஒன்றாம் கியரிலேயே இழுத்தான். றோட்டில் ஏறியதும் பிடிபட்டுவிட்டது. இரண்டு, மூன்று, நாலு. பஞ்சலிங்கம் படலையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கியருக்கும் தன் வலது பாதம் சப்பாத்துக்குள் அசைவதை உணர்ந்தபடி, சத்தம் தேயும்வரை நின்றான்.

வண்டி திரும்பி வரவில்லை. சாவகச்சேரியில் கண்டதாக ஒருவர் சொன்னார். கவசத்தைக் கழற்றிவிட்டு ஓடுகிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். செபநாயகத்தைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. சந்தியில் அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. பயத்தில் கொடுத்தான் என்றார்கள், பற்றில் கொடுத்தான் என்றார்கள், பெண்சாதி சொன்னதாலே கொடுத்தான் என்றார்கள். இளையதம்பியர் மட்டும், "சந்தி செத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போனார்.  பஞ்சலிங்கம் பஸ்ஸில் கடைக்குப் போய் வந்தான். பஸ்ஸின் படியில் அந்தக் காலை ஏற்றுவதற்கு ஒவ்வொரு நாளும் யாராவது கை கொடுத்தார்கள். சில நாட்கள் பொழுதுபட்ட பிறகும் முற்றத்தில் வண்டி நின்ற இடத்தில் தனியாகக் குந்தியிருந்தான். இராசமலர் அதற்கு இடம் விட்டு இருந்தாள்.

மழைக்குப் பிறகு பஸ் ஒழுங்காக ஓடாமல் போன ஒரு காலை. இராசமலர் தமையன் வீட்டிலிருந்து ஒரு பொம்பிளைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து படலையில் நிறுத்தினாள். "ஏறுங்கோ" என்றாள்.

"சனம் பாக்கும்."

"பாக்கட்டும்."

அவன் கரியரில் ஒரு பக்கமாக இருந்தான். அவள் உன்னி மிதித்தாள். சைக்கிள் முதலில் நெளிந்தது, பிறகு நிமிர்ந்தது. வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் செம்மண் ஈரமாக மணத்தது. பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிவிட்டுக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து பார்த்தார். சிறிது தூரம் போனதும் தொங்கிக்கொண்டிருந்த இடது பாதத்திலிருந்து செருப்பு நழுவி விழுந்தது. அவன் சொல்லவில்லை. அவள் முதுகு மேலும் கீழும் அசைவதையும், கழுத்தில் வேர்வை இறங்குவதையும் பார்த்துக்கொண்டு இருந்தான். பின்னால் செருப்பு றோட்டு நடுவில் குப்புறக் கிடந்தது. வெங்காயம் ஏற்றிய லொறி ஒன்று அதற்குக் கிட்ட வந்து, வேகத்தைக் குறைத்து, ஒரு பக்கமாக விலகிப் போனது.