பிடிச்சிருக்கா?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் ஆஸ்பத்திரியில் ஏணி விழுந்தது. அதன்மேல் நின்றிருந்த பெயிண்டர் விழவில்லை.

அவனுக்குப் பட்டப்பெயர் சமாளி. ஏணி குட்டையா, சமாளிச்சுக்கலாம். மேசைக்குக் கால் ஒடிஞ்சிருக்கா, அதையும் சமாளிச்சுக்கலாம் என்று கண்டதன்மீதும் ஏறி, ஒரு முழங்கையை முறித்துக்கொண்டு, முன்பல்லையும் சமாளிக்க முடியாமல் பறிகொடுத்தவன். மனைவியோ பெரிய கடையொன்றில் லிஃப்ட் இயக்குபவள்; கதவு சரியாகச் சாத்தாமல் அரை மாடிகூட ஏறமாட்டாள். அவள் வாங்கிக் கொடுத்த பாதுகாப்பு பெல்ட் அவன் வண்டியின் பின்சீட்டில் பெயிண்ட் டப்பாக்கள் விழாமல் அக்கறையாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிச் சுவரின் உச்சி எட்டவில்லை. சமாளி சுற்றுமுற்றும் பார்த்தான். பல் பிடுங்கும் நாற்காலியைப் படுக்கவைத்து, பொத்தானை அழுத்தி முழு உயரத்துக்குத் தூக்கி, அதன்மேல் ஏணியை நிறுத்தி, ஆடிய காலுக்கு அண்டையாக ஒரு பிளாஸ்டர் பல்செட்டைக் கொடுத்தான். மேலே போய் நாலு இழுப்பு இழுத்ததும் ஏதோ ஆட்டம் காண, திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தான்: "பிடிச்சிருக்கா?" ஏணிக்கால் பிடித்திருக்கிறதா என்று அவன் கேட்டான். அப்போதுதான் உள்ளே நுழைந்த டாக்டரம்மா புது நிறத்தைப் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்து, "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார். பல்செட் நொறுங்கியது, ஏணி சரிந்து இரண்டாக முறிந்தது, சமாளி பிரஷ்ஷும் கையுமாக அந்தரத்தில் நின்றான். பிடித்திருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது, ஆகவே பிடித்திருந்தது.

சிக்கல் என்னவென்றால், டாக்டரம்மாவின் ரசனை ஓரிடத்தில் நிற்காது. அந்தச் சுவருக்கே அது நாலாவது நிறம். சற்று நேரத்தில் அவர் தலையைச் சாய்த்து, "பச்சை கொஞ்சம் தூக்கலோ?" என்றதும் சமாளி ஒரு சாண் இறங்கினான். கீழே கருங்கல் தரை. விஷயம் புரிந்த நோயாளிகள் கன்னத்தைப் பொத்திக்கொண்டே நிறத்தைப் புகழ ஆரம்பித்தார்கள். ஊசி போட்டு வாய் மரத்தவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். சாரம் கட்டுகிறவர்களுக்கு ஆள் போனது, மனைவிக்கும் ஆள் போனது. லிஃப்ட் சீருடையோடு முதலில் வந்து சேர்ந்தவள் மனைவிதான்.

"டாக்டரம்மா, சாரம் வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. சுவரப் பாக்காதீங்க" என்றாள். பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்க யாரால் முடியும்? டாக்டரம்மா பார்த்தார். பாவம், அவருக்குப் பொய் வராது. "மன்னிச்சுக்கம்மா, எனக்குப் பிடிக்கல."

சமாளி விழத் தொடங்கினான். இந்த முறை கைவசம் ஒரு யோசனையும் இல்லை. கீழே நிற்பவளைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவளிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டான்: "பிடிச்சிருக்கா?"

"பெல்ட் எங்க?" என்றாள் அவள்.

"வண்டியில."

அவள் பல்லைக் கடித்தாள். கோபத்தில் கண் நிறைந்துவிட்டது. "பிடிச்சுத் தொலைச்சிருக்கு" என்றாள். தரைக்கு ஒரு முழம் மேலே சமாளி நின்றான்.

சாரம் வந்து வேலை முடிந்தது. டாக்டரம்மா ஐந்தாவது நிறத்துக்குப் போனார். சமாளி மட்டும் முழுசாகத் தரைக்கு வரவில்லை. வீட்டில் பாய்க்கு ஒரு சாண் மேலே தூங்கினான், செருப்பு தேயவே இல்லை. அவன் பாதம் மண்ணில் பட நடந்து போனால், வீட்டில் சண்டை என்று தெருக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மறுநாளே அவன் பழையபடி மிதந்துகொண்டு பால் வாங்கப் போவான், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். உயரத்து வேலை என்றால் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்து சாரத்தை ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தாள். ஒருநாள் அவன் இளித்துக்கொண்டே, "அதான் நீ இருக்கியே, இன்னும் பெல்ட் எதுக்கு?" என்றான்.

"காலைல பாதியில விட்ட சண்டை பாக்கி இருக்கு. மாட்டுங்க" என்றாள் அவள்.

சமாளி மாட்டிக்கொண்டான்.