எதிர்ச்சுற்று

பினாங்கு போய் வந்த கதையை அந்த வீட்டில் யாரும் வாயெடுத்துப் பேசுவதில்லை. தேரடித் தெருக்காரர்கள் ஆசையாகத்தான் கேட்டார்கள். கப்பலில் தலை சுற்றியதா, நடுக்கடல் என்ன நிறம், சீனாக்காரர்கள் வீட்டில் என்ன சமையல் என்று. பலராமன் சிரித்து மழுப்பிவிட்டு சைக்கிள் கடையைத் திறக்கப் போய்விடுவான். அவன் மனைவி ஆதிலட்சுமி, "போனோம், வந்தோம்" என்பாள். பலராமனின் தங்கை சந்திரகலா அந்த நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போய், கழுவின பாத்திரத்தையே இன்னொரு தரம் கழுவுவாள்.

சொல்வதற்கு இல்லாமல் இல்லை. பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்த ஆதிமூலம் சித்தப்பா வருஷக்கணக்காகக் கூப்பிட்டு, எண்பதாம் வருஷக் கோடை லீவில்தான் நால்வரும் மெட்ராஸில் கப்பலேறினார்கள். பலராமனின் மகள் ஏழு வயது வள்ளி, பறக்கும் மீனைப் பார்க்கவென்று கப்பல் கம்பியை விட்டு நகரவேயில்லை. சித்தப்பா வீட்டில் அரை டஜன் பேரப்பிள்ளைகள். சாயங்காலமானால் எல்லோரும் கடற்கரைக்குப் போய், துருவிய ஐஸில் சிவப்புப் பாகு ஊற்றித் தின்று நாக்கைக் காட்டிக் கொள்வார்கள். ராத்திரி அண்ணியும் நாத்தனாரும் ஒரே பாயில் படுத்துப் பேசுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் ராமதாஸிடம் வந்து நிற்கும். கீழ்பென்னாத்தூரில் கடலை மண்டி வைத்திருந்த ராமதாஸ் ஆதிலட்சுமியின் தம்பி. அவனுக்குச் சந்திரகலாவைக் கட்டுவதென்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். கப்பலுக்குக் கிளம்பும் முன்பு அவன் சந்திரகலாவிடம், "எனக்கு அங்கேருந்து என்னா கொண்டாருவே?" என்று கேட்டிருந்தான். அவள் யாருக்கும் தெரியாமல் ஒரு மடக்குக் குடை வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள்.

அப்புறம்தான் அந்த மார்க்கெட்.

நாலு பக்கமும் தெரு, நடுவில் பெரிய கட்டடம், சுற்றிலும் துணிக்கடைகள். சந்திரகலா வள்ளியின் கையைப் பிடித்திருந்தாள். ஒரு நைலக்ஸ் புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பதற்காக, "இங்கேயே நில்லு, அசையாத" என்று சொல்லிவிட்டுக் கையை விட்டாள். புடவையை மடித்துக் கொடுத்துத் திரும்பினால் குழந்தை இல்லை.

எல்லோரும் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். ஒவ்வொரு கடையிலும் நின்று, தெரிந்த பாஷையிலும் தெரியாத பாஷையிலும் கேட்டார்கள். வெயில் ஏறி இறங்கியது. நடுத்தெருவில் ஆதிலட்சுமி மண்டி போட்டு, குழந்தை கிடைத்தால் வெறுங்காலோடு மலை சுற்றுகிறேன் அண்ணாமலையாரே என்று கும்பிட்டாள். கடைசியில், வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த சித்தி ஜோதியம்மாள் சேதி கேட்டு ஓடிவந்து, வந்த கொஞ்ச நேரத்திலேயே குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எதிரே நின்றாள். "நான் எதிர்ப்பக்கமா வந்தேன். தெருமுக்குல வந்துகிட்டு இருக்கா" என்றாள். சித்தி பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவள்.

அன்றைக்கு ராத்திரி ஆதிலட்சுமி வேறு பாயில் படுத்தாள்.

"கைய விட்டத கூட மன்னிச்சுடலாம்" என்று அவள் பலராமனிடம் சொன்னது சந்திரகலாவின் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னாள். "நில்லுன்னு சொன்னாளாம். என் பொண்ணு நில்லுன்னா நிப்பா. இவ சொல்லவே இல்ல. புடவைய பாத்துட்டு புள்ளைய மறந்துட்டா, இப்ப பொய் சொல்றா. பொய் சொல்றவள என் தம்பிக்குக் கட்டி வைப்பனா நான்?"

"குழந்தைய கேட்டா தெரிஞ்சுடும்" என்றான் பலராமன்.

"அவளே தூக்கத்துல திடுக்கு திடுக்குனு எழுந்துக்கறா. அந்தப் பேச்சையே எடுக்காதீங்க."

எடுக்கவில்லை. கப்பல் திரும்பி, ஊர் வந்து, ஆடியும் பிறந்தாயிற்று. பௌர்ணமியன்று வேண்டுதலை முடிப்பதென்று ஏற்பாடு. அன்றைக்கே ராமதாஸ் பகல் பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். வேறு இடத்திலிருந்தும் ஜாதகம் வந்திருக்கிறது, உண்டா இல்லையா என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று அவன் அம்மா நெருக்குகிறாளாம். அக்கா என்ன சொல்வாள் என்று சந்திரகலாவுக்குத் தெரியும்.

விடிகிற நேரத்துக்குத் தேரடியிலிருந்து புறப்பட்டார்கள். ஆதிலட்சுமி வள்ளியின் கையைத் தன் கையோடு பிணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் பலராமன், அவனுக்கும் பின்னால் சந்திரகலா. ரமணாசிரமம் தாண்டும்போது வள்ளி திரும்பிப் பார்த்து, "அத்தை, தண்ணி" என்றாள். கூஜா சந்திரகலாவிடம்தான் இருந்தது. அவள் முன்னால் வருவதற்குள் ஆதிலட்சுமி ஒரு டீக்கடையில் தண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

"அண்ணி, கூஜாவுல இருக்குதே."

"இருக்கட்டும். அந்தத் தண்ணிய தெளிச்சு உன் புடவைக்கு இஸ்திரி போடு."

பலராமன் மலையைப் பார்த்துக் கும்பிட்டான். அவனுக்கு அதுதான் வழி. வீட்டில் எது நடந்தாலும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிடுவான்.

அடி அண்ணாமலைக்கு வரும்போது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. அங்கே கோயிலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு நடப்பது அவர்கள் வழக்கம். பௌர்ணமிக் கூட்டம் தோளோடு தோள் உரசியது. தீபாராதனை காட்டினார்கள். மணி அடித்ததும் ஆதிலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

இரண்டு கையையும்.

கண்ணைத் திறந்தபோது வள்ளி இல்லை.

ஆதிலட்சுமி ஜனங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு பிராகாரத்துக்குள் பாய்ந்தாள். "வள்ளி, வள்ளி" என்று பலராமன் அவள் பின்னாலேயே ஓடினான். ஓட எங்கே விட்டது. கூட்டம் ஆறு மாதிரி ஒரே பக்கமாக, ஒரே வேகத்தில் நகர்ந்து கொண்டிருந்தது. முண்டியவர்களையும் அதே வேகத்துக்கு இழுத்துக்கொண்டது.

சந்திரகலாவும் அவர்கள் பின்னால் நாலு எட்டு வைத்தாள். அன்றைக்கு மார்க்கெட்டிலும் இப்படித்தான் ஓடினாள். அண்ணா முன்னால், அண்ணி அவனுக்கு முன்னால். கட்டடத்தை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு, சுவாமியைச் சுற்றுவது போல, யாரும் யாருக்கும் சொல்லாமலே எல்லோரும் ஒரே பக்கமாக.

'நான் எதிர்ப்பக்கமா வந்தேன்' என்று சித்தி சொன்னது நினைவுக்கு வந்தது.

சந்திரகலா நின்றாள். திரும்பினாள். கூட்டத்துக்கு எதிராக, சுவாமிக்கு இடமாக நடக்க ஆரம்பித்தாள்.

"யாரும்மா அது, கோயில்ல எதிர்ச்சுத்து சுத்தறது?"

"கண்ணு தெரியலயா? இடிச்சுகிட்டு போவுது பாரு."

"நல்லா வளத்திருக்காங்க பொண்ண."

ஒரு கிழவர் தடியை நீட்டி மறித்தார். அவள் தடிக்கு அடியில் குனிந்து போனாள். முதல் மூலை திரும்பினாள். இரண்டாவது மூலையில், பெரியவர்களின் இடுப்புகளுக்கு நடுவே, வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டே வள்ளி வந்து கொண்டிருந்தாள். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற முகத்தோடு வந்தாள்.

சந்திரகலா மண்டியிட்டு அவளை வாரிக்கொண்டாள். "எங்கடி போன?"

"எங்கயும் போகல அத்தை. கூட்டம் தள்ளிடுச்சு. நான் வலப்பக்கம் வெச்சுகிட்டு நடந்தேன்."

"என்ன வலப்பக்கம்?"

"அம்மா சொல்லியிருக்குல்ல. காணாம போனா அழாத, மலைய வலப்பக்கமா வெச்சுகிட்டு நட, பின்னால திரும்பாத, சுத்தி வந்தா தேரடிக்கு வந்துடுவன்னு." வள்ளி அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கி மார்க்கெட்ல கூட அப்படித்தான் நடந்தேன். நீ நில்லுன்னுதான் சொன்ன. ஒரு வண்டி வந்துச்சு, தள்ளி நின்னேன், அப்பறம் உன்னக் காணோம். அதான் நடந்தேன். எத்தன சுத்து சுத்தனாலும் தேரடியே வரல."

சந்திரகலா நிமிர்ந்தாள். வள்ளிக்குப் பின்னால் ஆதிலட்சுமி நின்று கொண்டிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து, மூச்சிரைத்து, கைகளைக் குழந்தையை நோக்கி நீட்டியபடியே நின்றுவிட்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். குழந்தைக்கு இவ்வளவு கிட்டத்தில், பின்னாலேயே அவளும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சந்திரகலாவின் நாக்கு நுனியில் இரண்டு மாத வார்த்தை அத்தனையும் வந்து நின்றது. யாரு அண்ணி பொய் சொன்னது. அந்த ஒன்றைக் கேட்டால் போதும். கேட்டால் அப்புறம் அந்த வீட்டில் எப்படி இருப்பது, கீழ்பென்னாத்தூரில் எப்படி வாழ்வது. இல்லை, அந்தக் கணக்கெல்லாம்கூட இல்லை. அண்ணியின் நீட்டிய கைகளைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை. குழந்தையை அந்தக் கைகளில் கொடுத்தாள்.

கோயிலை விட்டு வெளியே வந்து நடந்தார்கள். ஈசானிய லிங்கம் தாண்டியபோது ஆதிலட்சுமி நடையைக் குறைத்துச் சந்திரகலாவின் பக்கத்தில் வந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"கைய விட்டது நீதான். அது இல்லன்னு ஆயிடாது."

"ஆவாது அண்ணி."

"நானும் இன்னிக்கி விட்டேன்."

அண்ணி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் குனிந்து வள்ளியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இனிமே காணாம போனா நடக்காத. நின்ன எடத்துலயே நிக்கணும். தெரிஞ்சுதா?"

"மலைய சுத்தும்போதுகூடவா?"

"எங்க இருந்தாலும்."

"அப்ப யாரு வருவாங்க?"

"உங்க அத்தை எதிர்ல வருவா" என்றாள் ஆதிலட்சுமி.

தேரடியில் ராமதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிழல் தேடி நின்றிருந்தான். அக்காவின் அவிழ்ந்த தலையையும், வீங்கிய கண்ணையும், சந்திரகலாவின் கசங்கிய புடவையையும் மாறி மாறிப் பார்த்தான். கேட்க வந்ததைக் கேட்கலாமா என்று தெரியாமல் கேட்டுவிட்டான்.

"என்னாக்கா, அம்மாகிட்ட என்னா போய் சொல்றது?"

சந்திரகலா கூஜாவை இறுகப் பிடித்துக்கொண்டு தேர்ச்சக்கரத்தைப் பார்த்தாள்.

"மொதல்ல வீட்டுக்கு வாடா" என்றாள் ஆதிலட்சுமி. "உனக்குன்னு ஒரு குடை பினாங்குலருந்து வந்து, எப்பலேருந்தோ பெட்டி அடியில கெடக்குது. எடுத்துகிட்டு போயி அம்மாகிட்ட காட்டு. அவங்களுக்குப் புரியும்."

அந்தக் குடையை அண்ணி எப்போது பார்த்தாள் என்று சந்திரகலாவுக்குத் தெரியவில்லை. பலராமன் மலையைப் பார்த்துக் கும்பிட்டான்.