கெலாப்பா பாரின் வரலாறு

தேங்காய்ப்பூவையும் மலாக்கா வெல்லத்தையும் பாகாக்கிச் சாக்லெட் பாருக்குள் அடைப்பது பெரிய வித்தை இல்லை; மலாயில் தேங்காய்க்குக் கெலாப்பா, பெயரும் கிடைத்துவிட்டது. சிங்கப்பூர் வெயிலில் அந்தப் பார் இளகாமல் நிற்க வேண்டும், அதுதான் பாடு. ஜாலான் புசார் தொழிற்சாலையில் மூன்று மாதமாகச் சாகுல் ஹமீது அதோடு மல்லுக்கட்டினார். பக்குவத்தைக் கண்டுபிடிப்பவருக்கே தலைமை மிட்டாய்க்காரர் வேலை என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அதற்குள் 1956ஆம் வருட நோன்பு வந்துவிட்டது. நுனி நாக்கில் வைத்துத் துப்பினால் தப்பில்லை என்றார்கள் சிலர். சாகுலுக்கு மனம் ஒப்பவில்லை. பொட்டலம் கட்டும் சுந்தரத்தைக் கூப்பிட்டார்.

“நீ ருசி மட்டும் பாத்துச் சொல்லு லா, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

“உப்பு பத்தலண்ணே” என்பான் சுந்தரம். சாகுல் திருத்துவார். இருபத்தேழாம் நோன்பன்று, பார் வெயிலில் கிடந்தும் இளகவில்லை.

முதலாளி ஒரு கடி கடித்துவிட்டு, ருசி எப்படி வந்தது என்று சாகுலிடம் கேட்டார்.

“நான் இன்னும் சாப்பிட்டுப் பாக்கல, துவான்.”

உண்மையைச் சொன்ன வாய்க்குக் கூலி உடனே கிடைத்தது. பக்கத்தில் நின்ற சுந்தரமோ, நாக்கில் முதலில் வெல்லம், அப்புறம் தேங்காய், கடைசியில் துளி உப்பு என்று அளந்து தள்ளினான். வாயில் வைக்காதவனா இதைச் செய்திருப்பான்? அப்படித்தான் நினைத்தார் முதலாளி. சிரித்துக்கொண்டே சுந்தரத்தின் தோளைத் தட்டினார். பாவி, அவன் மறுக்கவே இல்லை.

செய்தது தான்தான் என்று சொல்லச் சாகுல் வாயெடுத்தார். ஆனால் யாராவது வம்புக்கு இழுத்தாலும் ‘நான் நோன்பாளி’ என்று ஒதுங்கிப் போ என்றுதான் அவரை வளர்த்திருந்தார்கள். பெருநாள் கழியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

பெருநாள் கழிந்து வந்தபோது வேலை சுந்தரத்துக்குப் போயிருந்தது. சாகுல் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னார்.

“அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?” என்றார் முதலாளி. பொறாமை என்று முடிவுகட்டிவிட்டார்.

பிறகு பத்து வருடம் சாகுல் அவனுக்குக் கீழே அதே பாகைக் கிண்டினார். 1966இல் பாரின் வரலாற்றை அச்சடித்து அதன் பத்தாம் ஆண்டு விழாவில் கொடுத்தார்கள். சுந்தரத்தின் படம் பாதிப் பக்கம். அதன் கீழே ஒரு வரி: ‘அடுப்பை உதவியாளர் ஒருவர் பார்த்துக்கொண்டார்.’

சுந்தரம் அவரைத் தேடி வந்தான்.

“அது நீங்கதாண்ணே. ஒங்களையும் சேக்கணும்னு நாந்தான் சொன்னேன்.”

பத்து வருடமாகச் சேர்த்துவைத்த பேச்செல்லாம் தொண்டைவரை வந்தது. சுற்றிலும் ஆட்கள். மூத்த மகளுக்கு அதே தொழிற்சாலையில் வேலை கேட்டிருந்தார். மனு இருந்தது சுந்தரத்தின் மேசையில்.

“ரொம்ப நன்றி தம்பி” என்றார் சாகுல்.

சுந்தரம் செய்ததைக்கூட அவர் மறந்திருப்பார். அந்த நன்றியைச் சொன்ன தன் வாயைத்தான் கடைசிவரை அவரால் மன்னிக்க முடியவில்லை.