பதினெட்டில் எத்தனை

பாமா அத்தை அடுத்த கட்டு ஊதுபத்தியைப் பிரித்ததும் நிருபமா எழுந்துபோய் வாசல் கேட்டருகே நின்றுகொண்டாள். விடிகாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

"பெத்த பொண்ணு. பக்கத்துல உக்காராம தெருவைப் பாத்துண்டு நிக்கறா பாரு" என்றாள் அத்தை, காதில் விழட்டும் என்றே.

விழுந்தது. ஊதுபத்திப் புகை தலைமுடியில் ஏறினால் லேசில் போகாது. அந்த வாசனையோடு ஆய்வுக்கூடத்தில் நுழைந்தால் கண்ணாடித் தட்டுகளில் வளரும் ஆட்டுக் கருக்களுக்கு ஆகாது. சாவு வீட்டில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை ஃபோன் வந்தபோது, பதற்றத்தில் தட்டுகளைத் தவறான பெட்டியில் வைத்துவிட்டு ஓடியவள் அவள்தான். வேறு சோதனைக்காக நாற்பத்தொரு டிகிரியில் வைத்திருந்த பெட்டி அது. முப்பத்தாறு கருக்களும் இரவெல்லாம் சூட்டில் கிடந்தன. கொட்டிவிடு என்றார் பேராசிரியர். மாட்டேன் என்றாள். பதினெட்டை வளர்ச்சி ஹார்மோன் கலந்த திரவத்திலும் பதினெட்டை வெறும் திரவத்திலும் மாற்றி வைத்தாள். சூட்டில் அடிபட்ட கருவை ஹார்மோன் தேற்றுமா என்பது கரு உருவான ஏழாம் நாள் தெரிந்துவிடும். அது இன்று மாலை நாலு மணி. அதைத் தாண்டினால் எண்ணிக்கை செல்லாது.

அப்பாவுக்குக் காது மந்தம். அவள் லேபிலிருந்து ஃபோன் செய்தால் அம்மாதான் எடுப்பாள். கேட்டதைக் கூடத்தில் அப்பாவின் நாற்காலியைப் பார்த்து உரக்கச் சொல்லுவாள். நேற்று ஆஸ்பத்திரியில் அம்மா கருக்களின் கதையைக் காதோரம் சொன்னதும், கோணிய வாயோடு அவரே கேட்டார்: "பதினெட்டுல எத்தனைடி பொழைக்கும்?"

"நாளைக்குச் சொல்றேம்ப்பா" என்றிருந்தாள்.

ஒரு மணிக்கு வண்டி வந்தது. கொள்ளி வைக்கப் பெரியப்பா பிள்ளை அச்யுத் தயாராக நின்றான். தூக்கப்போகிறார்கள் என்றதும் நிருபமாவால் கேட்டருகே நிற்க முடியவில்லை. புகையாவது கருவாவது, எக்கேடோ கெடட்டும் என்று ஓடிப்போய் அப்பாவின் மார்பில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

வண்டி போனதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராகக் கொல்லைக் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். சோப்பு கிடையாது, சீயக்காய் கிடையாது, வெறும் பச்சைத் தண்ணீர். அவளுக்கு வேண்டியதும் அதுதான். பதினைந்து சொம்பு ஊற்றியபின் முடியை மூக்கருகே கொண்டுவந்து முகர்ந்தாள். இன்னும் பத்து ஊற்றினாள்.

செருப்பை மாட்டும்போது அத்தை வழிமறித்தாள்.

"தீட்டோட ஆத்தை விட்டு எங்கடி கிளம்பறே?"

"லேபுக்கு, அத்தை. அஞ்சரைக்குள்ள வந்துடறேன்."

"நன்னாயிருக்கு! அனந்தலக்ஷ்மி, நீ கேக்கமாட்டியா இவளை?"

அம்மா ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். "போகட்டும் பாமா. அவர் கேட்டுண்டே இருந்தார்" என்றாள். பிறகு மகளைப் பார்த்து, "பஸ்ஸுக்கு நிக்காதே. ஆட்டோல போ."

மல்லேஸ்வரத்திலிருந்து ஹெப்பாள் போய்ச் சேர மூன்றரை ஆகிவிட்டது. லேப் உதவியாளர் கோவிந்தப்பா அவள் ஈரத் தலையைப் பார்த்தார். துவைத்த கோட்டை எடுத்துக் கொடுத்தார்.

நாலு மணிக்கு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். வெறும் திரவத்தில் இரண்டு பிழைத்திருந்தன. மற்றவை கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. அடுத்து ஹார்மோன் கலந்த தட்டை வைத்தாள். உருண்டு, நடுவில் நீர் கோத்து, தெளிவாக ஒன்று. பக்கத்திலேயே இன்னொன்று. எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நோட்டில் 29.5.98 என்று தேதி போட்டு எழுதினாள். பிறகு வீட்டுக்கு ஃபோன் செய்தாள்.

"ஒம்போதும்மா. பதினெட்டுல ஒம்போது பொழைச்சுடுத்து."

அம்மா ரிசீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வழக்கமான அதே உரத்த குரலில் கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏன்னா, ஒம்போதாம்!"

நிருபமா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.